கேம்ஸ் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? உஷார்! பளபள பெட்டிக்குள் பழைய சரக்கு!

எந்தக் கம்பெனி சாமான் நல்லது? சொந்தமாகப் பூட்டுவது எப்படி? -- ரிச்சி தெரு நிலவரம்

சென்னை,

அப்பாவின் சட்டைப் பையில் போனஸ் பணம். மகன் கையில் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு முழுக்க நம்பரும் எழுத்தும். அப்பாவுக்கு ஒரு வரி விளங்கவில்லை. மகனுக்குப் பாதி விளங்குகிறது. கடைக்காரருக்கு எல்லாம் விளங்குகிறது!

ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

இந்தக் காட்சியைச் சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகப் பார்க்கலாம். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தெரு ஒரு காலத்தில் ரேடியோ, டிரான்சிஸ்டர் ஸ்பேர் பார்ட்சுக்குப் பேர் போனது. இன்று ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எங்கும் கம்ப்யூட்டர் சாமான்தான். டெல்லி நேரு பிளேசுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் இது என்று சொல்வார்கள்.

இங்கே நாணயமான கடை நிறைய உண்டு. அப்பா காலத்தில் இருந்து ஒரே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் செய்பவர்கள் உண்டு. நடுவில் புகுந்து பட்டை நாமம் போடுகிற பேர்வழிகளும் உண்டு. யார் எது என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

ஆகவே கடைக்குள் நுழைவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது. ஏமாந்த பிறகு தெரிந்து கொண்டால் அதற்கு பீஸ் ஜாஸ்தி!

ஏழு சாமான்

கேம்ஸ் ஆடுகிற கம்ப்யூட்டர் என்றால் ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மொத்தம் ஏழே சாமான். பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை, இவை எல்லாவற்றையும் வைத்துப் பூட்டுகிற கேபினெட். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி.

இதில் ஆட்டத்துக்கு முக்கியம் கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் கார், பறக்கும் புழுதி, சுடும் துப்பாக்கி எல்லாவற்றையும் நொடிக்கு 60 தடவை, 100 தடவை வரைந்து காட்டுவது அதுதான். ஆட்டத்துக்கென்று வாங்கும் மெஷினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பணம் இதற்கே போகும். சில சமயம் அதற்கு மேலும் போகும்.

ஆனால் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எதை? கேபினெட்டை! கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு, பச்சை, நீல விளக்கு, நாலு பேன். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி மின்னும். அந்த விளக்கு ஆட்டத்தின் வேகத்தை ஒரு இம்மி கூட ஏற்றாது. காற்று நன்றாக உள்ளே போய் வெளியே வருகிற கேபினெட் போதும். சென்னை வெயிலுக்கு முன்பக்கம் மூடிய கண்ணாடியை விட வலை போட்டது மேல்.

அட்டையில் ஒரு பேர், உள்ளே ஒரு பேர்

"அண்ணே, ஆசுஸ் கார்டு நல்லதா, எம்.எஸ்.ஐ. நல்லதா, ஜிகாபைட் நல்லதா?" -- பையன்கள் கேட்கும் முதல் கேள்வி இது.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டின் மூளையான சிப்பை வடிவமைப்பது மூன்றே கம்பெனிகள். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல். ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஜோடாக், சபையர் எல்லாம் அந்தச் சிப்பை வாங்கி போர்டு போட்டு, பேன் வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு விற்பவர்கள். ஒரே சிப் என்றால் இவர்களுக்குள் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. சூடு, சத்தம், வாரண்டி, சர்வீஸ் -- இதில்தான் வித்தியாசம்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது சிப். பெட்டியின் மேல் இருக்கும் பேர் அதற்குப் பிறகு.

ரேம் கதையும் இதுதான். கடையில் கோர்சேர், கிங்ஸ்டன், ஜி.ஸ்கில் என்று பல பேர். உள்ளே இருக்கும் மெமரி சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளில் ஒன்றினுடையது. 2025-ம் வருஷக் கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை வாரிக் கொண்டு போனதில் உலகம் பூராவும் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரிலேயே மைக்ரான், சில்லறை வியாபாரத்தில் இருந்த தன் 'குருஷியல்' பிராண்டை மூடப் போவதாக அறிவித்து விட்டது.

மூன்று பேர் போட்டி

சரி, மூன்று சிப்பில் எது?

என்விடியா 1993-ல் ஆரம்பித்த அமெரிக்கக் கம்பெனி. 1999-ல் 'ஜீபோர்ஸ்' என்ற பேரைக் கொண்டு வந்தது. இன்று அதிகம் விற்பது இதுதான். வெளிச்சம், நிழலை நிஜம் போலக் காட்டுவதிலும், சின்ன படத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டுகிற வித்தையிலும் கை தேர்ந்தது. வீடியோ எடிட்டிங், ஏ.ஐ. வேலை என்று பையன் பிழைப்புக்கும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் இதற்கு ஆதரவு அதிகம். விலையும் அதிகம்.

ஏ.எம்.டி. 2006-ல் ஏ.டி.ஐ. என்ற கனடா கம்பெனியை வாங்கி இந்தத் தொழிலில் இறங்கியது. இதன் கார்டுக்கு 'ரேடியான்' என்று பேர். அதே காசுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி மெமரி கொடுப்பது இதன் வழக்கம். ஆட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கட்டுப்படியான சரக்கு.

இன்டெல் இந்தச் சந்தையில் புதுசு. 2022-ல் 'ஆர்க்' கார்டுகளோடு வந்தது. முதலில் சாப்ட்வேர் தகராறு நிறைய இருந்தது. போகப் போகத் தேறியது. 2024 டிசம்பரில் வந்த 'பி-580' என்ற கார்டு, 12 ஜி.பி. மெமரியோடு 249 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய மதர்போர்டில் போட்டால் இந்தக் கார்டு முழு வேகம் காட்டாது.

டாலர் விலையைப் பார்த்து விட்டு, அதை ரூபாயாக்கி, கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்த விலையில் வரி சேர்ந்திருக்காது. இங்கே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கை மாறும்போது இன்னும் ஏறும்.

ஒரே பேர், இரண்டு சரக்கு!

இங்கேதான் பெரிய பெரிய ஆட்களும் கோட்டை விடுகிறார்கள்.

'ஆர்.டி.எக்ஸ். 3060' என்று ஒரு கார்டு. 2021-ல் 12 ஜி.பி. மெமரியோடு வந்தது. 2022 கடைசியில் அதே பேரில் 8 ஜி.பி. கார்டும் வந்தது. மெமரி மட்டும் குறைவு என்று நினைத்தால் தப்பு. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதையும் 192 பிட்டில் இருந்து 128 ஆகக் குறுகி விட்டது. நாலு வழிச் சாலையில் இரண்டு வழியை அடைத்தால் என்ன ஆகும்? கார்டின் வேகமும் குறைந்தது. பேர் மட்டும் அதே பேர்!

2016-ல் வந்த 'ஜி.டி.எக்ஸ். 1060' கார்டிலும் இதே கதைதான். 6 ஜி.பி. கார்டில் 1,280 கோர். 3 ஜி.பி. கார்டில் 1,152 கோர்.

2025-ல் வந்த 'ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.', 'ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.' இரண்டிலும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு ரகம் உண்டு. பேர் ஒன்றுதான். புது ஆட்டங்களில் பல 8 ஜி.பி.யைச் சுலபமாக விழுங்கி விடுகின்றன. ஆகவே விலை கேட்கும்போது கார்டின் பேரோடு 'எத்தனை ஜி.பி.?' என்று கேட்க வேண்டும். பில்லிலும் அது எழுதியிருக்க வேண்டும்.

'ஐ-7' என்றால் மயங்காதீர்!

"சார், ஐ-7 மெஷின் சார். உங்க பட்ஜெட்டுக்கு இதுக்கு மேல கிடைக்காது!"

இந்த டயலாக்கைக் கேட்டதும் அப்பாக்கள் குளிர்ந்து விடுகிறார்கள். 'ஐ-7' என்றால் உசத்தி என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எத்தனையாவது தலைமுறை ஐ-7 என்று கேட்க வேண்டும். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை 'ஐ-7 3770'ம் ஐ-7 தான். 2022-ல் வந்த சின்ன 'ஐ-3 12100' அதைச் சுலபமாகத் தோற்கடித்து விடும். ஆபீசுகளில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, புது கேபினெட்டில் போட்டு, கலர் விளக்கு மாட்டினால் அதுவும் 'கேமிங் பி.சி.' தான்!

இதில் இன்னொரு வில்லங்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் 8-ம் தலைமுறை, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பழைய ஐ-7-க்கு அங்கே கதவு மூடியிருக்கிறது.

நம்பருக்குக் கடைசியில் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும். இன்டெல்லில் 'எப்' என்று முடிந்தால் அதில் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஸ்விட்ச் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். ஏ.எம்.டி.யில் 'ஜி' என்று முடிந்தால் ஓரளவு நல்ல படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது.

பணம் குறைவு என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'ரைசன் 5600-ஜி', 'ரைசன் 8600-ஜி' மாதிரி பிராசசரோடு இப்போது ஆரம்பித்து, லேசான ஆட்டங்களை ஆடிக் கொண்டு, அடுத்த போனசில் கார்டு வாங்கிச் செருகலாம். கடன் வாங்க வேண்டாம்.

மதர்போர்டு வாங்கும்போது 'நாளைக்கு இதில் புது பிராசசர் போட முடியுமா?' என்று கேட்க வேண்டும். ஏ.எம்.டி.யின் 'ஏ.எம். 4' சாக்கெட் இதில் பேர் வாங்கியது. 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸ் புதுப்பித்த பிறகு, 2022-ல் வந்த 'ரைசன் 5800-எக்ஸ் 3டி' பிராசசரைப் போட முடிந்தது. அடுத்த 'ஏ.எம். 5' சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. இன்டெல் 2021-ல் கொண்டு வந்த 1700 முள் சாக்கெட் 12, 13, 14-ம் தலைமுறைகளோடு சரி. 2024-ல் வேறு சாக்கெட் வந்து விட்டது.

உத்தமன் யாரும் இல்லை!

'நான் இன்டெல் ஆளு', 'நான் ஏ.எம்.டி. ஆளு' என்று பையன்கள் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். எந்தக் கம்பெனியும் இவர்களுக்கு ஓட்டுக்குப் பணம் கூடத் தரவில்லை!

எல்லாக் கம்பெனியும் ஒரு சமயம் மாட்டிக் கொண்டவைதான்.

இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறியதால் கெட்டுப் போனது 2024-ல் பெரிய பிரச்சினை ஆனது. ஆகஸ்டில் கம்பெனி திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. செகண்ட் ஹேண்டில் இந்தப் பிராசசர் வந்தால் 'பயாஸ் புதுப்பித்ததா?' என்று கேட்க வேண்டும்.

2023-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ் 3டி பிராசசர்கள் சில, போர்டோடு சேர்ந்து கருகின. அங்கேயும் வோல்டேஜ்தான் வில்லன். 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிறகு கட்டுப்படுத்தினார்கள்.

2022-ல் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் பவர் கேபிள் செருகும் இடம் சிலருக்கு உருகியது. கேபிளைக் கடைசி வரை அழுத்திச் செருகாதது ஒரு முக்கிய காரணம் என்று தெரிய வந்தது. 2021-ல் ஜிகாபைட் கம்பெனியின் இரண்டு மாடல் பவர் சப்ளைகள் சோதனையில் வெடித்து, மாற்றித் தரும் நிலை வந்தது.

ஆகவே பிராண்டைக் கும்பிட வேண்டாம். மாடலைப் பார்க்க வேண்டும்.

எமன் எஸ்.எம்.பி.எஸ்.

பட்ஜெட் இடித்தால் முதலில் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.சில். "கேபினெட்டோட ப்ரீயா வருது சார், எதுக்கு தனியா வாங்கறீங்க?" என்பார்கள்.

அந்த ப்ரீ சரக்கை நம்பி விலை உயர்ந்த கார்டை மாட்டுவது, மூங்கில் கழியை நம்பி மாடி கட்டுவது மாதிரி.

பெட்டியில் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டு விட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் '12 வோல்ட்' என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் கரண்டைத்தான். 15 ஆம்பியர் என்று இருந்தால், 15-ஐ 12-ஆல் பெருக்க 180 வாட். பேர் 500. வேலைக்கு உதவுவது 180!

நல்ல கம்பெனியின் 550 வாட் சரக்கில் இந்தக் கணக்கு 500 வாட்டுக்கு மேல் வரும். 115 வாட் சாப்பிடும் ஆர்.டி.எக்ஸ். 4060 மாதிரி கார்டுக்கு மொத்த மெஷினுக்கும் சேர்த்து 550 வாட் போதும் என்று என்விடியாவே சொல்கிறது. கடைக்காரர் 850 வாட்டைத் தலையில் கட்டினால் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

'80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்ற முத்திரை கரண்டை வீணாக்காத திறமைக்குக் கொடுப்பது. பாதுகாப்புக்கான சர்டிபிகேட் என்று நினைக்க வேண்டாம். எத்தனை வருஷ வாரண்டி என்று பார்த்தால் கம்பெனிக்கே தன் சரக்கில் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்து விடும். நல்ல சரக்குக்கு 5 வருஷம், 7 வருஷம், 10 வருஷம் கூட உண்டு.

வீட்டில் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மூன்று பின் பிளக்கில் ஒரு பின்னை வெட்டி விட்டுச் செருகுவது தற்கொலைக்குச் சமம்.

யு.பி.எஸ். விஷயத்திலும் கணக்கு உண்டு. கடைகளில் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சாதாரணமாக 360 வாட் தான் தாங்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கரண்டு போனால், பெரிய மெஷினும் சேர்ந்து போகும்.

செத்த கார்டுக்கு உயிர் கொடுக்கும் கும்பல்

இப்போது கிரைம் சமாசாரத்துக்கு வருவோம்.

2010, 2011-ம் வருஷத்துப் பழைய கார்டை எடுத்து, அதன் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதி, 'ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.' என்று பேர் சூட்டி விற்கும் மோசடி உலகம் பூராவும் நடந்தது. கம்ப்யூட்டரில் மாட்டினால் கம்ப்யூட்டரும் அந்தப் பேரையே காட்டும்! ஆட்டத்தைப் போட்டால் பல்லிளிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. அசல் 1050 டி.ஐ. கார்டில் பழைய நீல நிற வி.ஜி.ஏ. துளை கிடையாது. போலிகள் பலவற்றில் இருக்கும். இன்னொரு வழி, 'ஜி.பி.யு-இசட்' என்ற இலவச சாப்ட்வேர். 2018 முதல் இது போலிக் கார்டைக் கண்டால் 'போலி' என்று ஆங்கிலத்தில் எழுதியே காட்டி விடும். பென் டிரைவில் போட்டுக் கொண்டு போனால் கடையிலேயே சோதித்து விடலாம்.

அடுத்தது 'மைனிங்' கார்டு. எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை உண்டாக்க ஆயிரக்கணக்கான கார்டுகளை இராப்பகலாக ஓட விட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ந் தேதி அந்த முறை மாறியது. ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கு வேலை போயிற்று. அத்தனையும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து விழுந்தது.

மைனிங் கார்டு எல்லாமே குப்பை என்று சொல்ல முடியாது. பேன் தேய்ந்திருக்கும். மெமரி சூட்டில் வெந்திருக்கும். வாரண்டி முடிந்திருக்கும். அதற்கு ஏற்ற விலை என்றால் சரி. 'புதுசு மாதிரி' என்று புது விலை கேட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வாங்குவதாக இருந்தால் அரை மணி நேரம் கனமான ஆட்டத்தை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். திரையில் புள்ளி, கோடு தெரிந்தால் வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கும் தப்பவில்லை. 2025 ஆரம்பத்தில் ஜெர்மனியில் 'புதுசு' என்று விற்ற சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் பல, ஏற்கனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று அம்பலமானது. கார் மீட்டரைத் திருப்புவது மாதிரி, ஓடிய கணக்கை அழித்திருந்தார்கள். வெளிநாட்டிலேயே இந்தக் கதி!

'மிலிட்டரி ஆபீசர்' பேசறேன்!

பழைய சாமான் விற்கும் செயலிகளில் இன்னொரு கும்பல். கார்டு படம் இருக்கும். விலை பாதியாக இருக்கும். போன் போட்டால், "நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன்" என்று பேசுவான். அடையாள அட்டைப் படம் கூட அனுப்புவான். முன்பணம் போனதும் போன் 'சுவிட்ச் ஆப்'!

விற்கப் போனாலும் விட மாட்டார்கள். "பணம் அனுப்பறேன், இந்த கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்.

இப்படிப் பணம் போய் விட்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் கிரைம் புகாருக்கான எண் இது. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

சொந்தமாகப் பூட்டுவது எப்படி?

சாமான் வாங்கியாயிற்று. கடையில் பூட்டித் தருவார்கள். வீட்டில் நாமே பூட்டினால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த மாதிரி ஆயிற்று. வேண்டியது ஒரு நல்ல ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு மேஜை, இரண்டு மணி நேரப் பொறுமை.

முதலில் மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்துக் கொள்ள வேண்டும். பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் பொருத்தி வைத்தால் தானாக உட்காரும். அழுத்தவே கூடாது. ஏ.எம். 4 பிராசசரில் முள் பிராசசரில் இருக்கும். இன்டெல்லிலும் ஏ.எம். 5-லும் முள் போர்டில் இருக்கும். ஒரு முள் வளைந்தாலும் வாரண்டி கோவிந்தா!

அதன் மேல் கூலர். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் கிழித்து எடுக்க வேண்டும். எடுக்காமல் மாட்டி விட்டு, 'சூடு தாங்கலையே' என்று கடைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. பேஸ்ட் ஏற்கனவே தடவி வந்திருந்தால் மறுபடி தடவ வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு பட்டாணி அளவு போதும்.

அடுத்து ரேம். 16 ஜி.பி. ஒன்று வாங்குவதை விட 8 ஜி.பி. இரண்டு வாங்கினால் வேகம் அதிகம். நாலு துளை இருந்தால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவதில் செருக வேண்டும். 'டி.டி.ஆர். 4' ரேம் 'டி.டி.ஆர். 5' துளையில் போகாது. முரட்டுத்தனம் உதவாது.

பிறகு எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். சாய்வாகச் செருகி, அழுத்தி, ஒரு ஸ்குரூ.

இதற்குப் பிறகுதான் போர்டு கேபினெட்டுக்குள் போக வேண்டும். கீழே பித்தளைக் கால்கள் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் போர்டு நேராகத் தகரத்தில் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகி விடும். எஸ்.எம்.பி.எஸ்.சில் இருந்து 24 பின் கேபிள் போர்டுக்கு, 8 பின் கேபிள் பிராசசருக்கு. கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு. 'டக்' என்று சத்தம் வரும் வரை செருகி, ஸ்குரூ போட்டு, அதற்கான பவர் கேபிளைக் கடைசி வரை அழுத்த வேண்டும்.

ஸ்விட்ச் போட்ட பிறகும் வேலை பாக்கி!

மெஷின் ஓடுகிறது. மகன் துள்ளிக் குதிக்கிறான். ஆனால் ஆட்டம் நத்தை மாதிரி நகர்கிறது. ஏன்?

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பான்! கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கேபிள் கார்டில் இருக்கும் துளையில் போக வேண்டும்.

அடுத்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று கூடுதல் பணம் கொடுத்திருப்பார்கள். விண்டோசில் 60-லேயே நின்றிருக்கும். செட்டிங்சில் போய் மாற்ற வேண்டும். வாங்கிய வேகத்தில் ரேம் ஓட, பயாசில் இன்டெல் என்றால் 'எக்ஸ்.எம்.பி.', ஏ.எம்.டி. என்றால் 'எக்ஸ்போ' என்ற இடத்தில் ஆன் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் பல மாசம் ஆடிக் கொண்டிருக்கும் பையன்கள் உண்டு.

திருட்டு விண்டோஸ், திருட்டு ஆட்டம் வேண்டாம். அதோடு கூட ஒட்டி வரும் வைரஸ் வீட்டுக்காரரின் பேங்க் பாஸ்வேர்டையே தூக்கிக் கொண்டு போய் விடும்.

பில் எங்கே?

கடைசி விஷயம். முதலில் சொல்ல வேண்டிய விஷயமும் இதுதான்.

"பில் இல்லாம வாங்கினா 18 பர்சென்ட் மிச்சம் சார்!" -- இந்த ஆசை வார்த்தையில் விழாதவர்கள் குறைவு. அந்தப் பணம் மிச்சமானால் அதோடு போவது வாரண்டி. கார்டுக்குப் பொதுவாக 3 வருஷம், பெட்டியோடு வரும் பிராசசருக்கு 3 வருஷம் வாரண்டி உண்டு. பெட்டி இல்லாத 'டிரே' பிராசசருக்குக் கம்பெனி நேராகப் பொறுப்பு ஏற்காது. திருட்டு வழியாக வெளிநாட்டில் இருந்து வந்த சரக்குக்கு இங்கே சர்வீஸ் கிடைக்காது.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், சாமானின் முழு மாடல் பேர், சீரியல் நம்பர் மூன்றும் வேண்டும். சீரியல் நம்பரைக் கம்பெனியின் இணைய தளத்தில் போட்டு வாரண்டி எத்தனை நாள் என்று கடையில் நின்றபடியே பார்த்து விடலாம். வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

ஏமாற்றி விட்டால் கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சாமானுக்குப் பீஸ் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கே முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "பில் எங்கே?"

ஆகவே ரிச்சி தெருவுக்குப் போகும் அப்பாமார்களே! மகன் கையில் இருக்கும் சீட்டை ஒரு தடவை நீங்களும் படியுங்கள். புரியாத ஒவ்வொரு வரிக்கும் அவனிடம் அர்த்தம் கேளுங்கள். அவனால் சொல்ல முடியாத வரி எதுவோ, கடைக்காரர் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். அன்றைக்கே வாங்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

ஒரு வருஷம் உழைத்து வந்த போனஸ். ஒரு மத்தியானத்தில் போய் விடக் கூடாது!